கையில் ஒட்டவில்லை என்றால் பூச்சு முடிந்ததாகாது

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் லேபில் போன வாரம் எம்.ஃபார்ம் பிள்ளைகள் இருவர், மருந்தை மெதுவாக வெளியே விடுவதற்காகப் பூச்சு போட்ட பெல்லட்டுகளை (சின்ன மருந்து மணிகளை) அள்ளிப் பார்த்து, "ஒட்டல சார், காஞ்சிடுச்சு" என்று டப்பாவில் அடைக்கப் போனார்கள். படிக்கிற காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். இப்படி லேபில் நடக்கும் நான்கு தவறுகளை இங்கே சொல்கிறேன்.

க்யூரிங் செய்யாமல் விடுவது

பூச்சுக்கான பாலிமரான எத்தில் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துத் தெளித்தால், ஆல்கஹால் பறந்ததும் பாலிமர் இழைகள் பின்னிய படலம் கிடைத்துவிடும். அதையே பால் போன்ற நீர்க் கலவையாகத் தெளித்தால் அப்படி அமையாது. அதில் பாலிமர் கரைந்திருப்பதில்லை, நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. தண்ணீர் வற்றியதும் உருண்டைகள் களத்தில் கொட்டிய நெல் மாதிரி நெருங்கிக் கிடக்கும், ஆனால் நடுவில் சந்து இருக்கும். அவை இளகி ஒன்றில் ஒன்று கலந்தால்தான் சந்து அடைபடும். பாலிமரை இளக்கும் பிளாஸ்டிசைசரும், பூச்சு போட்ட பின் சூட்டில் வைக்கும் க்யூரிங்கும் அதற்குத்தான். இதைச் செய்யாவிட்டால் மருந்து வேகமாக வெளியேறும். டப்பாவுக்குள்ளும் உருண்டைகள் மெல்ல இணைந்துகொண்டே இருப்பதால், நாளாக ஆக அந்த வேகம் குறையும்.

என் தியோபிலின் (ஆஸ்துமா மருந்து) பெல்லட்டுகள் இப்படித்தான் பாழாயின. ஐப்பசி அடைமழையில் போட்ட பேட்ச் மருந்தை மெதுவாக விட்டது, பங்குனியில் போட்டது வேகமாக விட்டது. மருந்தைச் சந்தேகித்தேன், மெஷினைச் சந்தேகித்தேன். காரணம் காற்றின் ஈரம். ஈரமும் பிளாஸ்டிசைசர் வேலையைச் செய்து உருண்டைகளை இணைத்திருக்கிறது. மருந்து நாள்பட மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கும் ஆறு மாத ஸ்டெபிலிட்டி வேலை வீண். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் அடங்கவில்லை. தியோபிலின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குள் நிற்க வேண்டிய மருந்து. மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பும் வரலாம்.

ஓவனில் 60 டிகிரியில் பரப்பி வையுங்கள். 1, 2, 4, 8, 24 மணி நேரத்தில் சாம்பிள் எடுத்து டிஸொல்யூஷன் பாருங்கள், அதாவது மருந்து வெளியேறும் வேகத்தை அளந்து கோடாக வரையுங்கள். அடுத்தடுத்த இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற நேரம்தான் உங்கள் க்யூரிங் நேரம். நேரம் மிச்சம் என்று சூட்டை ஏற்றாதீர்கள். பெல்லட்டுகள் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிசைசர் பறக்கும், மருந்தே படலத்துக்குள் ஏறிவிடும். கடைசியாக, 40 டிகிரியும் 75 சதவீத ஈரமும் உள்ள பெட்டியில் கொஞ்சம் வைத்திருந்து, கோடு நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எடையை மட்டும் பார்த்துப் பூச்சை அளப்பது

ஒரே எடைக்குச் சின்ன மணிகளின் மொத்தப் பரப்பு அதிகம். 10 சதவீதம் எடை கூடியிருந்தாலும் அவற்றின் மேல் படலம் மெல்லிசாகத்தான் இருக்கும். முதலில் சலித்து அளவு வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கரைப்பானைக் கொதிக்கவிடுவது

மைக்ரோஸ்பியர் (மருந்து அடங்கிய நுண்ணிய பாலிமர் உருண்டை) செய்கிறவர்களுக்கு இது. பாலிமரைக் கரைக்கும் டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் துகள் துளைதுளையாகி, முதல் மணி நேரத்திலேயே மருந்து கொட்டிவிடும்.

கலக்கியின் வேகத்தைக் குறிக்காதது

இதுவும் மைக்ரோஸ்பியருக்குத்தான். வேகம் கூடினால் பாலிமர் கரைசலின் துளி சிறுக்கும். குறித்துவையுங்கள்.