துப்பாக்கி காற்றில், கேமரா முகத்தில்: கலர் கார்ட் போட்டியைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஈப்போவில் ஒரு பள்ளி மண்டபம். கலர் கார்ட் போட்டி, அதாவது இசைக்கேற்பக் கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றி வீசும் குழு ஆட்டம். ஆடும் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு தம்பிகள் மண்டியிட்டு, நீள லென்ஸை முகத்துக்கு நேராகப் பிடித்து மளமளவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்றிருந்தது. பல வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. பேட்டரியை சார்ஜ் போடுங்கள், மெமரி கார்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மரத் துப்பாக்கியை மூடாமல் காடியில் (காரில்) கொண்டுபோவது

பல வருடத்துக்கு முந்தைய அந்த நாளில், சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்லுக்கு (கோலாலம்பூருக்கு) ஒரு போட்டிக்குப் போனோம். குழுவின் பேருந்து முந்தின நாளே கிளம்பிவிட்டது. என் அண்ணன் மகளுக்குப் பரீட்சை இருந்ததால் எங்களோடு விடியற்காலையில் வந்தாள். அண்ணனுடையது சின்னக் காடி. ஆறடிக் கொடிக்கம்பு முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி காவடி தூக்குவதுபோல் அதைத் தோளில் தாங்கிக்கொண்டே வந்தார். துப்பாக்கி பிள்ளையின் மடியில்.

சிம்மோர் பக்கம் ரோட்பிளாக். டார்ச் வெளிச்சம் நேராக மடியில் விழுந்தது. "இனி அபா?" (இது என்ன?) என்றார் போலீஸ்காரர். அண்ணன் "மியூசிக்" என்றார், அண்ணி "ஸ்கூல்" என்றார், நான் "போட்டோ" என்றேன். பிள்ளைதான் நிதானமாக, "செனாப்பாங் காயு, எஞ்சே" (மரத் துப்பாக்கி, ஐயா) என்று சொல்லி இறங்கி, சாலையோரம் நின்று இரண்டு சுற்று வீசிப் பிடித்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற இன்னொருவர் கைதட்டி, "செக்காலி லாகி!" (இன்னொரு முறை!) என்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க இரண்டாவது முறையும் வீசினாள்.

எங்களுக்கு நல்லவர்கள் வாய்த்தார்கள். எல்லா நாளும் அப்படி அமையாது. வெள்ளை டேப் சுற்றி, வாரும் இரும்புத் தாழும் பொருத்திய அந்த மரக்கட்டை இருட்டில் நிஜத் துப்பாக்கி மாதிரியே தெரியும். பைக்குள் வைத்துப் பின்பெட்டியில் போடுங்கள். பொறுப்பாசிரியரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

முகத்தை நெருங்கிவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான்.

நான் கல்யாணமும் கோவில் திருவிழாவும் எடுத்துப் பழகியவன். கல்யாணத்தில் முகம்தான் எல்லாம். அந்தப் பழக்கத்தோடு, தூரத்து முகத்தை நெருக்கிக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு பிள்ளைகள், ஒரு வருடப் பயிற்சி, சில நிமிட நிகழ்ச்சி. டிரம் ஓங்கி ஒலிக்கும் இடத்தில் ஏழு பேரும் ஒன்றாகத் துப்பாக்கியை வீசினார்கள், ஏழு பேரும் பிடித்தார்கள். மண்டபமே எழுந்து நின்றது. என் கேமராவில் அந்த நேரத்துக்கு நாற்பத்தொரு படம். அத்தனையிலும் அண்ணாந்த முகமும் வெறுங்கையும் மட்டும். ஒன்றில்கூடத் துப்பாக்கி இல்லை.

வீட்டில் படத்தைப் பார்த்த அப்பத்தா, "எல்லாரும் எதுக்குடி மேல பாக்குறீங்க, மழையா?" என்று கேட்டார். பிள்ளை சிரித்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அதற்கு நான் என்ன சொல்வது? அந்த வீச்சை யாராலும் எனக்காக இன்னொரு முறை வீசிக் காட்ட முடியாது.

கலர் கார்டில் ஆட்டம் பாதி தரையில், பாதி தலைக்கு மேலே. துப்பாக்கி கையிலிருந்து மூன்று மீட்டர் உயரம் போனால், ஏறி இறங்கி கைக்கு வர ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அந்த ஒன்றரை நொடிக்கும் உங்கள் சட்டத்துக்குள் இடம் வேண்டும். கேமராவை நெடுக்காகத் திருப்புங்கள். லென்ஸை 35 மில்லிமீட்டர் அளவுக்கு அகலப்படுத்தி, முகத்தைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, மேலே காலியாக விடுங்கள். முதலில் அந்த வெற்றிடம் கண்ணை உறுத்தும். உறுத்தட்டும்.

வீசப்போவதை உடம்பே முன்கூட்டிச் சொல்லிவிடும். முழங்கால் லேசாக மடியும், துப்பாக்கி ஒரு சாண் கீழே இறங்கும். அங்கேயே விரலை அழுத்தத் தொடங்குங்கள். உச்சியில் அது மேலும் போகாமல் கீழும் வராமல் ஒரு கணம் தங்கும். சுழற்சி மட்டும் ஓயாது. அதனால் ஷட்டர் வேகம் 1/1000 நொடி வேண்டும். கொடிக்கு 1/320 போதும். துணியின் ஓரம் கொஞ்சம் கலங்கினால்தான் அது காற்றில் இருப்பது தெரியும்.

இதெல்லாம் கைவர ஒத்திகைக்குப் போங்கள். எந்தத் தாளத்தில் யார் வீசுகிறார்கள் என்று வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். நான் இப்போது எட்டு எட்டாக எண்ணித் துண்டுத்தாளில் குறித்துக்கொள்கிறேன்.

பக்கவாட்டில் உட்காருவது

நடுவர்கள் முன்பக்கம், உயரத்தில் இருப்பார்கள். ஆட்டம் அவர்கள் கண்ணுக்காக அமைத்தது. அனுமதி கிடைத்தால் அவர்களுக்குப் பின்னால் ஏறிவிடுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் நேர்வரிசை ஒரே ஆளாகச் சுருங்கிவிடும்.

மண்டப விளக்கை நம்புவது

அமெரிக்காவில் பனிக்காலத்தில் மைதானத்தை விட்டு ஜிம்முக்குள் போன ஆட்டம் இது. அதனால்தான் அங்கே வின்டர் கார்ட் என்கிறார்கள். அந்தப் போட்டிகளை நடத்தும் டபிள்யூஜிஐ (வின்டர் கார்ட் இன்டர்நேஷனல்) அமைப்பு 1977-இல் தொடங்கியது. நமக்குப் பனி இல்லை, ஆனால் மண்டபமும் அதன் விளக்கும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல மண்டப விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. வேகமான ஷட்டரில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளாகவும், சில சமயம் குறுக்கே பட்டை விழுந்தும் வரும். கேமராவில் ஆன்ட்டி பிளிக்கர் (விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வீச்சுக்கும் அதிகமாக எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். கொடி அசையாமல் நிற்கும் இடங்களில் 1/100 வைத்தால் பட்டை வராது.

பிளாஷ்

வேண்டாம். இறங்கும் துப்பாக்கியைப் பிடிக்க அண்ணாந்து நிற்கிற பிள்ளையின் கண்ணில் அடித்தால் மூக்கு உடையும்.

பிள்ளைகள் ஆடும் தரைவிரிப்பில் செருப்போடு ஏறுவது

ஏறாதீர்கள்.

வழியில் பீடோரில் விற்கும் கொய்யாவைப் போகும்போதே வாங்குவது

திரும்பும்போது வாங்குங்கள். அன்று அண்ணி வாங்கிய மூன்று கிலோவும் ஒரு வளைவில் கவிழ்ந்து, திறந்திருந்த லென்ஸ் பைக்குள் பாதி, கொடிக்குள் பாதி உருண்டன. கேஎல் போய்ச் சேர்ந்து கொடியை விரித்தபோது அதிலிருந்து ஒன்று குதித்து, வரிசையில் நின்ற பிள்ளைகளின் காலடியில் உருண்டோடியது. அதைப் பிடித்த பிள்ளை அங்கேயே கடித்துத் தின்றுவிட்டாள்.