கையைத் தூக்கச் சொல்லித் தொடங்குங்கள்

திருகோணமலையில் பதினெட்டு வருடமாகக் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். இரகசிய வாக்கெடுப்பின் வரலாற்றுக்கு நான் முதலில் புத்தகத்தைத் திறப்பதில்லை. வகுப்பு மொனிட்டர் தெரிவோடுதான் தொடங்குவேன். இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். ஒன்றில் அடக்கப் பார்த்தால் எண்ணும்போது மணி அடித்துவிடும்.

முதலில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். முகங்களைக் கவனியுங்கள். போன தவணை ஒரு பிள்ளை கையைக் காது மட்டும் உயர்த்தி, பக்கத்தில் இருந்த சிநேகிதியைப் பார்த்துவிட்டு, தலைமயிரை ஒதுக்குவது போல இறக்கிவிட்டாள். பாடம் அந்தக் கையில்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையை யாருக்கும் காட்டிக் கொடுக்காதீர்கள்.

இங்கே இங்கிலாந்துக்குப் போங்கள். 1872 வரை அங்கே எல்லோர் முன்னாலும் வாய்விட்டுத்தான் வாக்கைச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று புத்தகமாகவே அச்சடித்தார்கள். நான் எங்கள் பிள்ளைகளிடம், "கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பார்த்துக்கொண்டு நிற்க, வலை இழுக்கிறவர் அவருக்கு எதிராகச் சொல்வாரா?" என்று கேட்பேன். மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது நிறப்பெட்டி. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது எங்கள் நாட்டில் வேட்பாளருக்கு ஒரு நிறம், ஒரு பெட்டி. வாசிக்கத் தெரியாதவரும் போடலாம், நல்ல ஏற்பாடுதான். அதையே செய்து பார்க்க, சிவப்புத் தாள் ஒட்டிய பிஸ்கட் தகரத்தையும் பச்சை ஒட்டிய சப்பாத்துப் பெட்டியையும் அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். மட்டைத் துண்டு தகரத்தில் விழுந்ததும் 'டிங்' என்றது. "சேர், இவன் சிவப்புக்குப் போட்டவன்!" என்று முன்வாங்கில் இருந்து குரல் வந்தது. ஏன் எல்லோருக்கும் ஒரே சீட்டு, ஒரே பெட்டி வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, இப்போது 1856. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அரசாங்கமே எல்லா வேட்பாளரின் பெயரையும் ஒரே தாளில் அச்சடித்து, தனியாக நின்று குறிக்க விட்டது. நீங்களும் அப்படியே சீட்டு அடியுங்கள். கொப்பி வந்த கார்ட்போட் பெட்டியை வெட்டி மேசையில் மறைப்பாக நிறுத்துங்கள். உள்ளே ஒரே ஒரு பேனையை நூலில் கட்டிவிடுங்கள். ஆளுக்கொரு பேனை என்றால் மை நிறமே ஆளைக் காட்டிவிடும். புள்ளடி (X அடையாளம்), மடிப்பு, பெட்டி. அப்புறம் சின்னவிரலில் மை. போட்டாயிற்று என்பதை மட்டுமே அந்த மை சொல்லும் என்று அவர்களுக்குப் புரியவையுங்கள்.

உத்திரமேரூர்க் குடவோலையை யாராவது கேட்பார்கள். பெருமையாகச் சொல்லுங்கள், ஆனால் குழப்பாதீர்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை எடுக்க வைத்தது குலுக்கல் முறை. இரகசிய வாக்கு வேறு.

எண்ணுவதற்கு முன் சீட்டுகளை நன்றாகக் கலக்குங்கள். எண்ணி முடிந்ததும் மேசையில் விடாதீர்கள். புள்ளடியின் வளைவைப் பார்த்தே ஆளைப் பிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உறையில் போட்டு ஒட்டி, இடைவேளை மணிக்கு முன்பே அலுமாரியில் பூட்டிவிடுங்கள்.