ஐப்பசியில் கொட்டும் முடிக்கு ஆடியில் காரணம் தேடுங்கள்

ஐப்பசி அடைமழை பிடித்ததும் கும்பகோணம், மாயவரம் பக்கம் பெண்கள் சொல்வது ஒன்றுதான்: "தண்ணி மாறிடுச்சு, முடி கொத்துக் கொத்தா வருது." பாவம், பழி முழுக்கத் தண்ணீர் மேல். உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்த முடி. வளர்வதை நிறுத்தி இரண்டு மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு இப்போது விழுகிறது. குமிழ் இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால்தான் உப்புத் தண்ணீர், இறுக்கிய பின்னல், ஈரத்தலையில் சீப்பு (நானும் செய்கிற தப்புதான்) மீது சந்தேகப்படலாம்.

குமிழ் இருந்தால் காலண்டரில் மூன்று மாதம் பின்னே போங்கள். ஆடி, ஆவணியில் கடும் காய்ச்சல் வந்ததா? பிரசவமா? பட்டினி கிடந்து எடை குறைத்தீர்களா? வெயில் காலம் முடிந்து கொஞ்சம் கூடுதலாக உதிர்வதும் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி போவது இயல்பு.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லையா? எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்காமல் டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு சோதித்துவிடுங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து அவர்களுக்குச் சீக்கிரம் குறையும்.