மூட்டழற்சி உள்ள பிள்ளையோடு வடசென்னைக்கு: கண்ணை மறவாதீர்

சிறார் மூட்டழற்சி உள்ள பிள்ளையை விடுமுறைக்கு வண்ணாரப்பேட்டைக்கோ திருவொற்றியூருக்கோ அழைத்துவரும் பெற்றோர் முழங்கால் வீக்கத்துக்கான மருந்தை மறப்பதில்லை. கண் பரிசோதனைக்குரிய தேதியைத்தான் மறந்துவிடுகிறார்கள். இந்நோயோடு வரும் யுவைடிஸ் என்னும் உட்கண் அழற்சியில் பெரும்பாலும் கண் சிவப்பதில்லை, வலிப்பதுமில்லை. பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே கண்ணின் பாப்பா உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். கண்புரையும் கண் அழுத்த உயர்வும் வரலாம். மூட்டு நன்றாக இருப்பது கண்ணும் நன்றாக இருப்பதற்குச் சான்று அல்ல.

7 வயதுக்கு முன் நோய் தொடங்கி, 4 மூட்டுகளுக்கு மேல் பாதிக்கப்படாமல், ரத்தத்தில் ஏ.என்.ஏ. என்னும் எதிர்பொருள் காணப்படும் பிள்ளைகளுக்கு, குறிப்பாக முதல் 4 ஆண்டுகளில், ஆபத்து அதிகம் என்பதால், 3 மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பது வழக்கம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் அளவைக் குறைத்திருந்தால் ஒரு மாதத்துக்குள்ளேயே மறுபடி பார்க்கவேண்டும். ஆகவே, பயணத்துக்கு முன் பரிசோதனையை முடித்து, அழற்சியின் நிலை, கண் அழுத்தத்தின் அளவு, சொட்டு மருந்தின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பவை அடங்கிய மருத்துவர் கடிதத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இங்கு வந்தபின் ஒரு குழப்பம் காத்திருக்கும். கண் சிவந்தால் தெருவே ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவு கட்டிவிடும். நந்தியாவட்டைப் பூவை வைக்கச் சொல்லும் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பில் குறையில்லை, ஆனால் இந்தக் கண்ணில் எதையும் வைக்கவேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது கண் அழுத்தத்தை ஏற்றக்கூடும். ஏற்கெனவே போட்டுவரும் ஸ்டீராய்டு சொட்டையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெளிச்சத்தில் கண் கூசினாலோ, பாப்பா வட்டமாக இல்லாமல் கோணலாகத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. எங்கு சென்றாலும் பிள்ளைக்கு மூட்டழற்சி இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கண்ணாடிப் பவர் பார்ப்பதோடு அனுப்பிவிடக்கூடும்.

அழற்சியை அடக்கப் போடும் அடலிமுமாப் ஊசியை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்கவேண்டும். விமானத்தில் சரக்காக ஏற்றும் பெட்டியில் போட்டால் உறைந்து கெடலாம். கைப்பையில் ஐஸ் பேக்கோடு, ஆனால் ஐஸ் நேராகப் படாமல், கொண்டுவரவேண்டும். மருந்தின் குறிப்புத்தாளில் உள்ள 14 நாள் வெளியே வைக்கும் சலுகை 25 டிகிரிவரைதான் என்பதால், சென்னை வெயிலில் அதை நம்புவதற்கில்லை. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்கவேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். இந்த மருந்து காசநோய்க்கு எதிரான உடலின் தடுப்பைக் குறைக்கும். நாட்பட இருமும் உறவினரிடமிருந்து பிள்ளையைத் தள்ளியே வைப்பது நல்லது, அவர்கள் கோபித்துக்கொண்டாலும்.

இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே தரவேண்டிய மருந்து. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை கொடுக்கும் பொறுப்பைத் தாத்தாவிடம் விடுவதாக இருந்தால், கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி டப்பாவின் மேல் ஒட்டி, அந்த வாரத்துக்கு உரியதை மட்டும் அவர் கையில் கொடுங்கள்.