வாலை வெட்டப்போய் பெயரை வெட்டிய ட்ரிம்

கல்லடியில் ஒரு ரியூசன் வகுப்புக்குப் பதிவுப் படிவம் செய்து கொடுத்திருந்தேன். ஒரு நாள் இரவு போன். "அண்ணன், ஜெயஸ்ரீ எண்ட பிள்ளையின்ட பேர்ல கடைசி எழுத்துக்குப் பதிலா கறுப்புக் கட்டத்துக்குள்ள கேள்விக்குறி வருது." மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. தேடிப் பார்த்தால் பிழை என்னுடையதுதான். வலைத்தளம் எழுதும் மொழியான பிஎச்பியில், சொல்லின் இரண்டு ஓரத்திலும் வேண்டாததை வெட்டும் கட்டளை ட்ரிம். எதை வெட்டுவது என்று அதற்கு நான் கொடுத்த பட்டியல், அதாவது இரண்டாவது ஆர்கியூமென்ட், அதுதான் பிழை.

பெயரை எங்கிருந்தாவது கொப்பி பண்ணி ஒட்டும்போது சிலவேளை ஸீரோ வித் ஸ்பேஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் கூடவே வரும், எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட்டில் அதன் எண் 8203. பிஎச்பி ட்ரிம் தானாக வெட்டுவது வெற்றிடம், டாப், புதுவரி போன்ற ஆறு எழுத்துகளைத்தான், இது அதில் இல்லை. சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று அந்த எழுத்தை இரண்டாவது ஆர்கியூமென்டாகக் கொடுத்தேன்.

இங்கேதான் வினை. அந்த ட்ரிம்முக்கு எழுத்து தெரியாது, எழுத்தைக் கணினி சேமித்து வைக்கும் சிறு எண்துண்டான பைட் மட்டும்தான் தெரியும். 8203 என்பது, யூனிகோட் எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 226, 128, 139 என்ற மூன்று பைட்டுகள், ட்ரிம் அவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டு ஓரத்தில் எது கிடைத்தாலும் தின்னும். நம்முடைய ஈகாரக் குறி 224, 175, 128. ஓகாரக் குறி 224, 175, 139. அதனால் 'ஸ்ரீ' என்று முடியும் பெயரில் கடைசி பைட் போய்விடும், 'குமார்' தப்பிவிடுவார். பட்டியலை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதென்றால், இந்த உடைந்த பெயர் ஒன்று அதில் இருந்தாலே ஜேசன் என்கோட் வெறும் ஃபால்ஸைத் (இல்லை என்ற பதிலை) திருப்பித் தரும், முழுப் பட்டியலும் காலி.

பிஎச்பி 8.4 இருந்தால் எம்பி ட்ரிம் பாவியுங்கள், அது எழுத்தாகப் பார்க்கும். ஆனால் இரண்டாவது ஆர்கியூமென்ட் கொடுத்ததுமே வழக்கமான பட்டியல் கைவிடப்படும், வெற்றிடத்தையும் நீங்களே சேர்க்கவேண்டும். பழைய பதிப்பென்றால், எழுத்துகளை வடிவம் சொல்லித் தேடும் ரெகெக்ஸை யுடிஎஃப்-8 ஆகப் பார்க்கச் சொல்லும் 'யு' கொடி போட்டுப் பாவியுங்கள்.

ஆங்கில எழுத்து மட்டும்தானே என்று இருந்தாலும் தப்ப முடியாது. எருமைத் தயிர் விற்கும் ஒரு தளத்துக்கு 1500.00 என்ற விலையில் '.00' ஐ எடுக்க, வலது ஓரத்தை மட்டும் வெட்டும் ஆர்ட்ரிம் போட்டுப் பாருங்கள், வருவது 15. '.00' ஐ அது ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை, புள்ளியும் பூச்சியமும் என்றுதான் பார்க்கும், முடியும்வரை தின்றுகொண்டே போகும். பைத்தன் மொழியின் ஸ்ட்ரிப்பிலும் இதே கதைதான், அங்கே 3.9 பதிப்பு முதல் முடிவை ஒரே சொல்லாகப் பார்த்து வெட்டும் ரிமூவ்சஃபிக்ஸ் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ட்ரிம் ஆர்கியூமென்டே வாங்காது, அது நல்லதுதான். யூனிகோட்டில் 160 என்ற, வரி முறியவிடாத உடையா வெற்றிடத்தை வெட்டும், 8203ஐ வெட்டாது. வெட்டித் திருப்பித் தரும் சொல்லை ஒரு மாறியில் (பெயரிட்ட சேமிப்பிடத்தில்) போட மறந்தால் ஒன்றுமே நடக்காது, இதை நான் இன்னும் செய்கிறேன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ட்ரிம் தானாக வெற்றிடத்தை மட்டும்தான் எடுக்கும், டாப்பும் புதுவரியும் அப்படியே கிடக்கும். கடவுச்சொல்லில் எந்த ட்ரிம்மும் வேண்டாம்.

ஏற்கெனவே உடைந்தவை இருந்தால், 224, 175 என்று அந்தரத்தில் முடியும் பெயர்களைத் தேடுங்கள். போன பைட் 128ஆ 139ஆ என்று கணினி சொல்லாது. எனக்கு ஏழு பெயர் அகப்பட்டது, ஆறு ஸ்ரீ, அவற்றைக் கையால் திருத்தினேன், மற்றதற்குப் பிள்ளையின் அம்மாவிடம்தான் கேட்கவேண்டி வந்தது.