டிஸ்க் பிரேக்கில் ஆயில் கசிவு: டிஷ்யூ வைத்துப் பிடித்தேன்

ரோடு பைக்கின் (சாலை சைக்கிள்) பின் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை அமுங்கியது. எல்லா இணைப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வெள்ளை டிஷ்யூ சுற்றி, லீவரை ரப்பர் பேண்டால் இரவு முழுக்க இறுக்கிக் கட்டினேன். காலையில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் ஹோஸ் (ஆயில் குழாய்) நுழையும் இடத்து டிஷ்யூ மட்டும் நனைந்திருந்தது. பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கம் நனைந்திருந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். பலவற்றுக்கு சீல் தனியாகக் கிடைப்பதில்லை.

குற்றவாளி ஆலிவ், ஹோஸ் இணைப்பை அடைக்கும் சின்னப் பித்தளை வளையம். ஒருமுறை நசுங்கியதை மறுபடி இறுக்கினால் அடைக்காது. ஹோஸ் நுனியை நேராக வெட்டி, புது ஆலிவும் இன்சர்ட்டும் (ஹோஸ் நுனிக்குள் செருகும் சின்னக் குழல்) போட்டு, 8 மி.மீ. ஸ்பேனரில் 5–6 நியூட்டன் மீட்டர் இறுக்கினேன். பிறகு பிளீடிங், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. இது மினரல் ஆயில் பிரேக். டாட் (DOT) என்ற வேறு வகைப் பிரேக் திரவம் ஊற்றினால் சீல் ஊதிப்போகும். ஆயில் குடித்த பிரேக் பேடைத் தேய்த்துப் பார்ப்பது வீண்வேலை, புதுசு போட்டேன்.