மும்பையில் இருந்தபடியே சொந்த ஊரின் பெயரைத் தேடுவது எப்படி?

சயானில் எங்கள் எதிர்வீட்டு மராத்திக் காகூ (நம்மூர்ச் சித்தி மாதிரி) ஒருநாள் எங்கள் ஊரைக் கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். "நாக்பூரா?" என்றார். இல்லை காகூ, கடலோரத்து ஊர் என்றேன். "அப்போ எதுக்கு நாக்?" என்று அடுத்த கேள்வி வந்தது. பதினெட்டு வயதுவரை வளர்ந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி ஒரு நோட்டு போட்டேன். உங்களுக்கும் கடலோரத்தில் ஒரு ஊர் இருந்தால், இப்படித் தொடங்குங்கள்.

கதையிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி ஒரு மாதம் சுற்றினேன். ஆதிசேஷன் பூஜித்த தலம் என்கிறது கோயில் புராணம். நாகர் என்ற மக்கள் வாழ்ந்த இடம் என்பார்கள் சிலர். பழந்தமிழில் நாகம் என்றால் பாம்பு மட்டுமல்ல, சுரபுன்னை மரமும்தான். அதனால் மரப்பெயர் என்பாரும் உண்டு. மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. எது சரி என்று கதைகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் முதலில் பெயரின் வயதைத் தேடுங்கள்: எந்த வடிவம், எந்த நூற்றாண்டில், எதில் எழுதப்பட்டிருக்கிறது?

பழைய சோழநாட்டு ஊர் என்றால் தேவாரத்தைத் திறங்கள். இணையத்தில் தலவாரியாகவே கிடைக்கிறது. சம்பந்தரும் அப்பரும் ஏழாம் நூற்றாண்டு. அவர்களுக்குப் பின் சுந்தரர். மூவரும் எங்கள் ஊரைப் பாடியிருக்கிறார்கள். "கடல்நாகைக் காரோணம்" என்று சுந்தரர் பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார். காரோணம் என்பது எங்கள் ஊர்ச் சிவன் கோயில். பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. இன்றும் பஸ் பலகையில் 'நாகை' என்றுதானே போடுகிறார்கள்!

அப்புறம் செப்பேடும் கல்வெட்டும். இதில் அவசரம் வேண்டாம். எங்கள் ஊருக்குக் கிடைத்த பெரிய சாட்சி ஆனைமங்கலம் செப்பேடு. நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்றும் சொல்வார்கள். கடல் தாண்டி சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அதில் 'நாகப்பட்டினம்' என்றே வருகிறது, அதுவும் கடிதத்து விலாசம் போல: க்ஷத்திரியசிகாமணி வளநாடு, பட்டனக்கூற்றம், நாகப்பட்டினம். செப்பேட்டில் ஆண்டு 21 என்று இருக்கும். அது ராஜராஜனின் ஆட்சியாண்டு. அவன் பட்டமேறிய 985 உடன் கூட்டினால் 1006 வாக்கில் வரும். எந்தக் கல்வெட்டிலும் இப்படி அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். இதன் முழுப் பாடமும் கல்வெட்டு, செப்பேடுகளை வெளியிட்ட எபிகிராபியா இண்டிகா என்ற தொல்லியல் துறை வெளியீட்டின் 22ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பழைய தொகுதிகளின் ஸ்கேன் பிரதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் போதும். ஊருக்கு லீவு போட்டு ஓட வேண்டியதில்லை.

ராஜராஜனுக்குப் பின்னால் வந்த குலோத்துங்க சோழன் காலத்துச் செப்பேட்டில் இதே ஊர் 'சோழகுலவல்லிப்பட்டினம்' ஆகிவிடுகிறது. அரசாங்கம் வைத்த பெயர். இன்று அதை யாருக்குத் தெரியும்? 1658இல் டச்சுக்காரர், 1781இல் ஆங்கிலேயர் என்று கை மாறியபோதும் அவர்கள் எழுதிய 'நெகபடம்' நம் 'நாகப்பட்டணம்' தான். நம் வாயில் இருந்த பெயர்தான் நின்றிருக்கிறது.

பெயரின் பின்பாதியைத் தனியே எடுத்துப் பாருங்கள். பட்டினம் என்றால் கடற்கரைத் துறைமுக ஊர். காவிரிப்பூம்பட்டினம், காயல்பட்டினம், அதிராம்பட்டினம் எல்லாம் ஒரே வரிசை. இந்தப் பின்பாதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எங்களுக்கு வடக்கே தரங்கம்பாடி இருக்கிறதே, அதை 'அலைகள் பாடும் ஊர்' என்று விளம்பரப் பலகையில்கூட எழுதுவார்கள். தரங்கம் அலைதான். ஆனால் பாடி என்பது காட்பாடி, வாணியம்பாடியில் வருகிற பாடி, குடியிருப்பு என்று பொருள். அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் 'சடங்கன்பாடி'. அந்தப் பெயரில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை.

கடைசியாக, ஊருக்கு போன் போடுங்கள். பெரியவர்கள் தெருவையும் குப்பத்தையும் எப்படிச் சொல்கிறார்கள் என்று, அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள். என் அத்தை பேச்சுவாக்கில் அக்கரைப்பேட்டை என்றபோதுதான் உறைத்தது: ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் வைத்த பெயர் அது! அந்தப் பக்கத்து மீனவர்கள் தங்கள் கரையை முன்பு எப்படிச் சொன்னார்கள் என்று அடுத்து கேட்க வேண்டும். நோட்டில் அதற்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.